சிரிப்பை மறைக்கும் உரிமை

2019 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த மின்னணுப் பொருள் கண்காட்சியில் கியா நிறுவனம் 'ரீட்' என்ற பெயரில் ஓர் அமைப்பைக் காட்சிக்கு வைத்தது. ஓட்டுபவரின் முகபாவம், இதயத் துடிப்பு, தோலின் மின்கடத்தும் திறன் ஆகியவற்றைக் கொண்டு அவருடைய மனநிலையைக் கணித்து, அதற்கேற்ப காருக்குள் இருக்கும் சூழலை மாற்றும் அமைப்பு அது. எம்.ஐ.டி. மீடியா ஆய்வகத்தின் உணர்வுக் கணினியியல் குழுவோடு சேர்ந்து உருவாக்கியதாக அறிவித்தார்கள். 'ரீட்' என்பது நீண்டதோர் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். ஆனால் 'வாசி' என்ற வினைச்சொல்லாகவே காதில் விழவேண்டும் என்றுதான் அதை அமைத்திருக்கிறார்கள். வாசிப்பைத் தொழிலாகக் கொண்டவள் என்பதால் எனக்கு முதலில் அந்தப் பெயரின்மீதுதான் கண் போயிற்று. வாசிப்பவர் யார், எதை வாசிக்கிறார், வாசித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று ஒரு பிரதியிடம் கேட்பதை ஒரு காரிடமும் கேட்கலாம்.

இந்தத் துறையைப் பெண்கள் உருவாக்கினார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோசலிண்ட் பிக்கார்ட் 1997இல் வெளியிட்ட 'அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்' என்ற நூல்தான் துறைக்குப் பெயரையே கொடுத்தது. பொறியியலில் ஒரு பெண்ணாக இருந்துகொண்டு உணர்ச்சியைப் பற்றி எழுதினால் தன்னை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள் என்று தயங்கியதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய மாணவி ஜெனிஃபர் ஹீலிதான் ஓட்டுநர்களின் உடம்பில் உணரிகளை ஒட்டி பாஸ்டன் சாலைகளில் ஓட்டவைத்தவர். எகிப்தில் பிறந்த ரானா எல் கலியூபி 2009இல் பிக்கார்டோடு சேர்ந்து அஃபெக்டிவா நிறுவனத்தைத் தொடங்கினார். 2018இல் அந்த நிறுவனம் கார்களுக்கென்றே ஒரு மென்பொருளை வெளியிட்டது. 2021இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்மார்ட் ஐ அதை விலைக்கு வாங்கியது.

ரானாவின் தன்வரலாறான 'கேர்ள் டீகோடட்' 2020இல் வந்தது. கேம்பிரிட்ஜில் தனியாக ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் இளம்பெண், கெய்ரோவில் இருக்கும் கணவரோடு கணினி வழியே பேசும்போது, தன் கண்ணீர் எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேருவதில்லையே என்று ஏங்குகிறாள். நூலின் நல்ல பக்கங்கள் அவை. உளவுத் துறை சார்ந்த முதலீடு தேடிவந்தபோது அதை மறுத்ததையும் சொல்கிறார். ஆகவே இது ஆண்கள் கூடிச் செய்த சதி என்று எழுதிவிட்டுப் போக முடியாது. உணர்ச்சி என்றாலே பொம்பளை சமாச்சாரம் என்று ஒதுக்கிவைத்த அறிவியலின் கதவைத் தட்டி அதை உள்ளே கொண்டுபோனவர்கள் இந்தப் பெண்கள். அளக்கத் தக்கதாக, எண்ணாக மாறிய பிறகுதான் உணர்ச்சியை உள்ளே விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஹீலியும் பிக்கார்டும் 2005இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையின் செவ்வியல் பிரதி. இ.சி.ஜி., தசையின் மின்னசைவு, தோலின் கடத்துதிறன், மூச்சு ஆகிய நான்கையும் பதிவு செய்தபடி, ஒவ்வொருவரும் ஐம்பது நிமிடங்களுக்குக் குறையாமல் கார் ஓட்டுகிறார்கள். இப்படி 24 ஓட்டங்கள். ஓட்டுநரின் மன அழுத்தம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று 97 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொல்ல முடிந்தது என்பது முடிவு. பிறகு வந்தவர்கள் எல்லாரும் இந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆனால் அந்த மூன்று படிநிலைகளுக்கும் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி ஓய்வாக இருக்கும் நேரம் 'குறைவு'. நெடுஞ்சாலை 'நடுத்தரம்'. நெரிசலான நகரத் தெரு 'அதிகம்'. அதாவது சாலைதான் உணர்ச்சிக்குப் பெயர் வைத்தது. நெரிசல் என்ற காரணத்தை ஆய்வாளர்கள் தங்கள் கையாலேயே ஆய்வுக்குள் வைத்திருந்தார்கள். வியர்த்த உள்ளங்கைக்குப் பின்னால் ஒரு தெரு இருந்தது, அந்தத் தெரு எது என்று அவர்களுக்குத் தெரியும். நேர்மையான ஆய்வு என்பேன். அதே துறை பதினைந்து ஆண்டுகளில் கண்காட்சி மேடைக்கு வந்தபோது தெரு காணாமல் போயிற்று. மிஞ்சியது ஓட்டுபவரின் முகமும் தோலும் மட்டும். கோபம் வந்தால் விளக்கின் நிறத்தை மாற்று, பாட்டைப் போடு. ஏன் வந்தது என்ற கேள்வியைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

மெய்ப்பாட்டியலை ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் நடத்துகிறவளுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியர் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். உடம்பில் தெரியும் குறியைக் கொண்டு உள்ளத்தை அறிவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அந்த இயல், ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்றும் சேர்த்தே சொல்கிறது. வெகுளியை எடுத்துக்கொண்டால், உறுப்பை அறுப்பதிலிருந்தும், குடியைக் கெடுப்பதிலிருந்தும், அலைத்துத் துன்புறுத்துவதிலிருந்தும், கொலையிலிருந்தும் அது பிறக்கிறது. சினத்தின் இலக்கணத்துக்குள்ளேயே சினத்துக்கு ஆளாக்கியவனின் செயல் அடங்கியிருக்கிறது. காரின் கேமராவுக்கு வெகுளி என்பது புருவம் எத்தனை கோணத்தில் நெரிந்தது என்பது மட்டுமே.

இதைச் சொன்னவுடன் 'அன்றே சொன்னான் தமிழன்' என்று யாராவது கைதட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு, பெருமையும் உரனும் ஆணுக்கு என்று பிரித்துவைத்ததும் அதே நூல்தான். களவுக்கால மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது உரையாசிரியர்கள் பெரும்பாலும் தலைவியின் உடம்பையே எடுத்துக்காட்டாக விரிக்கிறார்கள். நெற்றி வியர்ப்பது ஒரு குறி. உள்ளே எழும் சிரிப்பை வெளியே தெரியாமல் மறைப்பது இன்னொரு குறி. முதலாவதை இன்றைக்கு ஸ்டீயரிங்கில் பதித்த உணரி பிடித்துவிடும். இரண்டாவதை நினைத்துப் பார்க்கிறேன். மறைத்த சிரிப்பு என்பது கேமராவின் கணக்கில் சிரிக்காத முகம். தொல்காப்பியரின் கணக்கில் அது நிறைந்த முகம். எப்போது, யாரிடமிருந்து, எதற்காக மறைக்கிறாள் என்பது தெரிந்தவளுக்குத்தான் அந்தக் குறி புலப்படும்.

அகப்பாடல்களில் தலைவியின் மேனி மாறுவதைப் பலர் வாசிக்கிறார்கள். தோழி வாசிக்கிறாள். வாசித்ததைத் தலைவியிடமே திருப்பித் தருகிறாள், அவளுக்காகப் பொய் சொல்கிறாள், வேளை வந்தால் அறத்தொடு நிற்கிறாள். செவிலியும் வாசிக்கிறாள். அவள் வாசிப்பின் முடிவு பெரும்பாலும் இற்செறிப்பு, வீட்டைவிட்டு வெளியே போகவிடாமல் அடைத்துவைப்பது. பிறகு தாய்மார் அழைத்துவரும் வேலன் இருக்கிறான். கழங்கை உருட்டிப் பார்த்துவிட்டு இது முருகனால் வந்த நோய் என்பான். ஆட்டை அறுத்து வெறியாடுவான். தலைவியிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். அவளும் தோழியும் அவனைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள். வகுப்பில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி சொன்னாள்: "மேடம், எங்க வீட்ல எல்லாருமே வேலன்தான்." வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

காருக்குள் உட்கார்ந்திருக்கும் உணர்வுக் கருவியைத் தோழி என்று விற்கிறார்கள். விளம்பரங்களில் அது துணை, உடன்பயணி. எனக்கோ அது செவிலி கூலிக்கு அமர்த்திய வேலனாகத் தெரிகிறது.

வேலனின் கழங்கு போலவேதான் இதன் ஆதாரமும். பால் எக்மன் 1960களின் இறுதியில் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களைக் காட்டிச் செய்த ஆய்விலிருந்து, அடிப்படை உணர்ச்சிகள் சில உண்டு, அவை உலகெங்கும் ஒரே முகபாவத்தில் வெளிப்படும் என்ற கருத்து பரவியது. முகத்தை வாசிக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்த அடித்தளத்தின்மேல் நிற்பவை. 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் அவரோடு நான்கு அறிஞர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்துவிட்டு ஒரு நீண்ட மதிப்பீட்டை வெளியிட்டார்கள். கோபம் வரும்போது மனிதர்கள் முகத்தைச் சுளிப்பது ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது முறைதான். மீதி எழுபது முறை கோபம் வேறு வழிகளில் போகிறது. கோபமில்லாமலும் முகம் சுளிக்கிறது. வெயில், தலைவலி, ஒரு யோசனை என எதுவும் காரணமாகலாம். 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் முகமறி சேவையிலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதியை விலக்கிக்கொண்டது.

பிழை எல்லார்மேலும் சமமாக விழுவதுமில்லை. 2018இல் லாரன் ரூ அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் படங்களை இரண்டு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார். கறுப்பின வீரர்களின் முகங்களில் எதிர்மறை உணர்ச்சிகளை அவை கூடுதலாகக் 'கண்டன'. அதே ஆண்டில் ஜாய் பூலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் நடத்திய சோதனையில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதமே தவறின. கருநிறப் பெண்களிடம் அந்தத் தவறு 34.7 சதவீதம் வரை போயிற்று. நம் முகங்களை இவை எப்படி வாசிக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

இருந்தாலும் என் விமர்சனத்தைப் பிழையின்மேல் மட்டும் நிறுத்திவிட எனக்கு விருப்பமில்லை. பிழைகளைத் திருத்திவிடுவார்கள். கருநிறப் பெண்களின் முகங்களை லட்சக்கணக்கில் சேர்த்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, இப்போது சமத்துவம் வந்துவிட்டது என்பார்கள். நூற்றுக்கு நூறு சரியாக வாசிக்கும் வேலனிடம் நமக்கு என்ன வேலை என்பதுதான் கடினமான கேள்வி.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கிளிஃபோர்ட் நாஸும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். பங்கேற்றவர்களில் பாதிப்பேரை மகிழ்ச்சியான காணொளிகளையும், பாதிப்பேரை மனம் நொந்துபோகும் காணொளிகளையும் பார்க்கவைத்து, பிறகு சிமுலேட்டரில் கார் ஓட்டவைத்தார்கள். காருக்குள் ஒரு குரல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரும். அது பதிவு செய்யப்பட்ட பெண்குரல். சிலருக்கு உற்சாகமாக, சிலருக்குத் தாழ்ந்த தொனியில். நொந்திருந்தவர்களிடம் உற்சாகக் குரல் பேசியபோது விபத்துகள் கூடின. அவர்களுடைய மனநிலைக்கு ஒத்த தாழ்ந்த குரல் பேசியபோது விபத்துகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வருத்தத்தில் இருப்பவரிடம் போய் 'சிரி, சிரி' என்றால் வண்டி மோதும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தெருவில், அலுவலகத்தில், கல்யாண வீட்டில் 'கொஞ்சம் சிரிச்ச முகமா இரேன்' என்ற அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நிரூபிக்க சிமுலேட்டர் வேண்டியிருக்காது.

இதே ஆய்வைத் தொழில் உலகம் வேறுவிதமாக வாசித்தது. ஓட்டுபவரின் மனத்தோடு இசைந்துபோகும் குரல் ஒன்றைத் தயாரித்துவிடலாம் என்பது அவர்கள் கண்டுகொண்ட பாடம். மற்றவர் மனநிலைக்கேற்பத் தன் குரலைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும் யாருடைய வேலையாக இருந்துவந்திருக்கிறது? ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் 'தி மேனேஜ்டு ஹார்ட்' நூலில் விமானப் பணிப்பெண்களை வைத்து இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டார். காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, ஓட்டும் கணவனின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, பாட்டின் சத்தத்தைக் குறைத்து, பின்னிருக்கைக் குழந்தைகளை அடக்கி, 'விடுங்க, அவன் போகட்டும்' என்று சமாதானம் சொல்லும் பெண்ணின் சம்பளமில்லாத வேலையை அப்படியே பிரதியெடுத்தால் கியாவின் அமைப்பு கிடைத்துவிடும். ஒளி, இசை, இதமான குளிர்ச்சி எல்லாம் அதில் உண்டு. (பெண்குரல் வழி சொல்லக் கேட்க மாட்டோம் என்று ஜெர்மானிய ஆண்கள் அடம்பிடித்ததால் பி.எம்.டபிள்யூ. தன் வழிகாட்டிக் கருவியைத் திரும்பப் பெற்றதாக நாஸ் எழுதியிருக்கிறார். ஆறுதல் சொல்லலாம், வழி சொல்லக் கூடாது.)

இப்போது அந்த ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்ணை உட்காரவையுங்கள். பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடிக்கிறான், இன்னொருவன் ஜன்னலை ஒட்டிவந்து எட்டிப்பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். அவளுடைய துடிப்பு ஏறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. கருவி துல்லியமாக வாசிக்கிறது: அழுத்தம், அதிகம். உடனே ஆறுதல் அளிக்கத் தொடங்குகிறது. சரிசெய்ய வேண்டிய பொருள் அவள்தான் என்பது கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஜன்னலோரம் வந்தவனுடைய முகத்தை எந்தக் கேமராவும் வாசிக்கவில்லை.

இந்தத் தர்க்கம் காருக்குள் மட்டும் இல்லை. 2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை ஒரு திட்டத்தை அறிவித்தது. பெண்கள் அதிகம் சீண்டப்படும் 200 இடங்களைக் கண்டறிந்து கேமராக்கள் வைப்பது, பெண்ணின் முகபாவத்தில் துயரம் தெரிந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் போவது. சீண்டுகிறவனின் கை எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு அவளுடைய முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் பாதுகாப்பு அது. துயரம் தெரியாத முகத்தோடு கடந்துபோகக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அந்தக் கேமராவின் கணக்கில் நமக்கு எதுவுமே நடந்திருக்காது.

தூக்கக் கலக்கத்தைக் கண்டறிந்து எச்சரிக்கும் கருவியை நான் எதிர்க்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். இரவுப் பேருந்துகளிலும் லாரிகளிலும் அது எத்தனை உயிர்களைக் காப்பாற்றக்கூடும் என்று நமக்குத் தெரியும். அந்த ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் அயர்வை உணர்ச்சியிலிருந்து பிரித்தே வைக்கிறது. பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் ஒருவரின் உணர்ச்சியைக் கருவிகொண்டு கணிப்பதை, மருத்துவத்துக்கோ பாதுகாப்புக்கோ அல்லாமல், 2025 பிப்ரவரி 2 முதல் அது தடை செய்துவிட்டது. அதிகாரம் ஏற்றத்தாழ்வாக இருக்கும் இடத்தில் உணர்ச்சியை வாசிப்பது ஆபத்து என்பது அதன் நியாயம். சரிதான். ஆனால் பணியிடம், பள்ளி என்று பட்டியலிட்டவர்கள் குடும்பத்தை ஏன் விட்டுவிட்டார்கள்? சொந்தக் கார் என்பது சட்டத்தின் கண்ணுக்கு ஒரு தனிமனிதரின் அந்தரங்க வெளி. அந்தத் தனிமனிதர் யார் என்று சட்டம் கேட்பதில்லை. காரை ஓட்டுகிறவர் ஒருவர், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர் வேறொருவருடையது, செயலி இருக்கும் போன் யாருடையதோ.

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் பிரிந்துபோன மனைவி எங்கே போகிறாள் என்று காரின் செயலி வழியே கண்காணித்த கணவர்களைப் பற்றி 2023 இறுதியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பதிவு கணவர் பெயரில் இருப்பதால் எதுவும் செய்ய இயலாது என்று கைவிரித்த நிறுவனங்களும் அந்தச் செய்தியில் வந்தன. 2024இல் கலிஃபோர்னியா, குடும்ப வன்முறையிலிருந்து தப்பிவந்தவர்கள் கேட்டால் தொலைவிலிருந்து காரை அணுகும் வசதியைத் துண்டித்தாக வேண்டும் என்று சட்டமியற்றியது. அங்கே பேசப்பட்டது கார் எங்கே நின்றது என்ற தகவல் மட்டும். அவள் ஓட்டும்போது அழுதாளா, யாரோடு பேசியபோது முகம் மலர்ந்தது, எந்தத் தெருவில் திரும்பும்போது துடிப்பு ஏறியது என்ற தகவலும் அதே செயலியில் சேர்ந்தால்? மோசில்லா அறக்கட்டளை 2023இல் 25 கார் நிறுவனங்களின் தரவுக் கொள்கைகளை ஆராய்ந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ உடல்சார்ந்த தகவலுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. முகவரியும் முகச்சுளிப்பும் அதற்கு ஒன்றுதான்.

தோழியிடம் ஒரு பண்பு உண்டு. அவள் வாசித்தது வெளியே போகவேண்டுமா, எப்போது, யாரிடம் என்பதில் தலைவியின் நலன்தான் அவளுக்கு அளவுகோல். காருக்குள் அப்படி ஒரு கருவி சாத்தியமா என்று கேட்டால், தொழில்நுட்ப அளவில் சாத்தியமே. கேமரா கண்டது காருக்குள்ளேயே இருந்து, பயணம் முடிந்ததும் அழிந்துபோகலாம். கையால் தள்ளி மூடும் ஒரு சின்ன மூடியைக் கேமராவின்மேல் வைக்கலாம், மடிக்கணினிகளில் இருக்கிறதே, அதுபோல. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. தரவு வெளியே போகாவிட்டால் விற்பதற்கு ஒன்றும் இருக்காது என்பது மட்டுமே சிக்கல்.

சில மாதங்களுக்கு முன் புதிய கார் பார்க்க ஒரு ஷோரூமுக்குத் தனியாகப் போயிருந்தேன். ஓட்டுபவரைப் பார்க்கும் கேமரா வைத்த வண்டி. அது எடுக்கும் படம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும், அணைத்துவைக்க முடியுமா என்று கேட்டேன். விற்பனைப் பிரிவு இளைஞர் பொறுமையாகச் சிரித்தார். "அதெல்லாம் சேஃப்டிக்குத்தான் மேடம். ஆப்லயே எல்லாம் பார்த்துக்கலாம்." பிறகு டெஸ்ட் டிரைவ் படிவத்தை எடுத்து, என் பெயரை எழுதிக்கொண்டு, போன் எண் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"சார் நம்பர் சொல்லுங்க மேடம்."